அட்டையில் ஓட்டை எங்கே? - ஒரு நெசவாளி மகனின் பார்வையில் வாக்கு இயந்திரத்தின் கதை



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "எம்பெடட் சிஸ்டம் செக்யூரிட்டி பற்றி எழுதுங்க சார், ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார்கள். இரண்டும் ஒன்றாக நடக்குமா என்று முதலில் மலைத்தேன். பிறகு யோசித்தால், இந்த விஷயத்தில் எனக்கு முதல் பாடம் நடத்தியவர் எந்தப் பேராசிரியரும் இல்லை. எழுத்துக்கூட்டி தினத்தந்தி படிக்கும் என் அப்பாதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

10-5-2001. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல். நான் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு. என் வாழ்க்கையின் முதல் ஓட்டு. தமிழ்நாடு முழுக்க, எல்லாத் தொகுதியிலும் வாக்குப்பதிவு இயந்திரம் வந்த முதல் சட்டமன்றத் தேர்தலும் அதுதான். அப்பாவும் நானும் ஆரணியில் ஒரே சாவடியில் வரிசையில் நின்றோம். அவர் உள்ளே போனார், பொத்தானை அமுக்கினார், 'பீப்' என்றது, வெளியே வந்தார். நான் பெருமையாக, "எப்படிப்பா இருந்துச்சி? உள்ள இருக்கறது மைக்ரோகண்ட்ரோலர், நாங்க லேப்ல படிக்கிறது" என்றேன்.

அப்பா கேட்டார்: "அதெல்லாம் சரிடா. அட்டை எங்க? நான் போட்ட ஓட்டை எதுல விழுந்துச்சி?"

ஆரணியில் தறி மேடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் சங்கிலி மாதிரி கோத்த அட்டைகள் ஓடும். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. இப்படி நூற்றுக்கணக்கான அட்டைகள் சேர்ந்தால் ஒரு மயில், ஒரு யானை, ஒரு முந்தானை. இதை 1804இல் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு செய்து காட்டினார். அது அங்குள்ள பட்டு நெசவாளர் ஊர். நம்மூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றில் மட்டும் தண்ணீர் இருக்கும்.

இதில் முக்கியம் என்னவென்றால், அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக விழுந்திருந்தால் சேலை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மயிலுக்கு மூக்கு கோணும். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தப்பான ஓட்டையைக் காகிதம் ஒட்டி அடைத்து, சரியான இடத்தில் குத்திவிடலாம். புரோகிராமும் கண்ணுக்குத் தெரியும், விளைவும் கண்ணுக்குத் தெரியும். அப்பா கேட்டது இதைத்தான். இந்த இயந்திரத்தில் எதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது?

அந்த வயதில் நான் சிரித்துவிட்டேன். "அது சிப்புக்குள்ள இருக்குப்பா, யாராலும் மாத்த முடியாது" என்றேன். அதே 2001இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும் இந்த இயந்திரத்தைப் பற்றி வழக்கு நடந்தது. இதைச் சாதாரண கம்ப்யூட்டரோடு ஒப்பிட முடியாது, வைரஸ் புகுத்தும் பேச்சுக்கே இடமில்லை என்ற கருத்தோடு அந்த எதிர்ப்பு தள்ளுபடியானது. நீதிமன்றமே சொன்ன பிறகு அப்பாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நான் நினைத்தது எவ்வளவு தூரம் சரி, எவ்வளவு தூரம் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

அட்டைக்கும் ஓட்டுக்கும் உறவு உண்டு என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்து எண்ணினார். அவருடைய கம்பெனி வேறு சிலவற்றோடு 1911இல் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1960களில் ஜோசப் ஹாரிஸ் என்ற பேராசிரியர் ஐ.பி.எம். அட்டையையே வாக்குச்சீட்டாக்கி 'வோட்டோமேட்டிக்' என்ற கருவி செய்தார். வாக்காளர் ஊசியால் குத்தினால் ஓட்டை விழும், மெஷின் எண்ணும். அந்தக் கதை 2000ஆம் ஆண்டு ஃப்ளோரிடாவில் சந்தி சிரித்தது. முழுசாக விழாமல் தொங்கிக்கொண்டிருந்த அட்டைத் துணுக்குகளை அதிகாரிகள் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த படங்கள் உலகம் முழுவதும் வந்தன. கடைசியில் அந்த மாநிலத்தில் 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ் ஜெயித்தார். எங்கள் தெருவில் அட்டை குத்தும் பெரியவர் யாரையாவது கூப்பிட்டிருந்தால் பிசிறில்லாமல் குத்தக் கற்றுக்கொடுத்திருப்பார்!

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். தேர்தல் ஆணையத்துக்கு 1977இல் இந்த யோசனை வந்தது. ஹைதராபாத்தில் உள்ள ஈ.சி.ஐ.எல். நிறுவனம் 1979இல் மாதிரி ஒன்றைச் செய்தது. 6-8-1980 அன்று அரசியல் கட்சிகளுக்குச் செய்து காட்டினார்கள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்துகொண்டது. அங்கே இந்த வேலையில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் பெயர் எஸ். ரங்கராஜன். தமிழர்களுக்கு சுஜாதா என்றால்தான் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற நாய்க்குட்டி ரோபோவைப் படித்துவிட்டு மின்னணுவியல் எடுத்த பையன்கள் நம் வகுப்பிலேயே மூன்று பேர் இருந்தார்கள். (யார் யார் என்று சொல்ல மாட்டேன், ஒருவர் இப்போது பேங்க் மேனேஜர்.)

முதல் பரீட்சை கேரளத்தில் பரவூர் தொகுதியில், 19-5-1982 அன்று, 50 சாவடிகளில் மட்டும் நடந்தது. இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சீட்டு என்றுதான் இருக்கிறது, இயந்திரத்துக்கு இடமில்லை என்று சொல்லி அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. இந்தத் தடவை ஜோஸ் ஜெயித்தார். இதில் வேடிக்கை, தேர்தலுக்கு முன்னால் இயந்திரம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனவர் சிவன் பிள்ளைதான்! ஜெயித்தவனுக்கு மெஷின் நல்லது, தோற்றவனுக்குக் கெட்டது என்ற நம் நாட்டு வழக்கம் முதல் தேர்தலிலேயே பிறந்துவிட்டது. இன்று வரை எந்தக் கட்சியும் அதை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

1988 டிசம்பரில் சட்டம் திருத்தினார்கள். 61-ஏ என்ற பிரிவு 15-3-1989 முதல் அமலுக்கு வந்தது. 1990இல் பேராசிரியர் எஸ். சம்பத் தலைமையில் நிபுணர் குழு பார்த்து, சரி என்றது. அதில் ஒருவர் பி.வி. இந்திரேசன், முன்பு சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்தவர். ஆனாலும் வாங்கின மெஷின்கள் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தன. 1996இல் நம் மாநிலத்தில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். நினைவிருக்கிறதா? வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டிவந்தது. நாலு பெட்டி சேர்த்தாலும் 64 பெயர்தான் கொள்ளும் என்பது அன்றைய இயந்திரத்தின் கணக்கு. நல்லவேளை, அது அங்கே போகவில்லை.

1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 தொகுதிகள். 2001இல் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம். 2004 மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிக்கும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள். உலகத்தில் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில், மின்சாரமே இல்லாத மலை கிராமத்திலும் பேட்டரியில் ஓடும் ஒரு எம்பெடட் சிஸ்டம் அநேகமாக வேறு இருந்திருக்காது. அதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. நிமிடத்துக்கு 5 ஓட்டுக்கு மேல் போட முடியாது என்று வைத்த ஒரே ஒரு கட்டுப்பாட்டினால், சாவடியைப் பிடித்துக்கொண்டு கட்டுக்கட்டாகக் குத்தும் ரவுடித்தனத்துக்குப் பெரிய தடை விழுந்தது. அதற்காகவே அந்தப் பொறியாளர்களை நான் கும்பிடுவேன்.

ஆனால் அப்பா கேட்ட கேள்வி அப்படியே இருந்தது.

வெளிநாட்டில் அதே கேள்வியை வேறு ஆட்களும் கேட்டார்கள். நெதர்லாந்தில் ரொப் கோங்கிரைப் என்பவரும் நண்பர்களும் 2006இல் அந்நாட்டு நேடாப் வாக்கு இயந்திரத்தைப் பிரித்து, சிப்பை மாற்றி, அதில் சதுரங்கமே ஆடவைத்துக் காட்டினார்கள். சதுரங்கம் ஆடும் மெஷின் வேறு என்னதான் ஆடாது? கொஞ்ச காலத்தில் அந்த நாடு காகிதத்துக்கே திரும்பிவிட்டது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 3-3-2009 அன்று அங்கே நேடாப் இயந்திரங்கள் பயன்பட்ட விதம் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. காரணம் கவனிக்கத்தக்கது. மோசடி நடந்தது என்று அது சொல்லவில்லை. தேர்தலின் முக்கியமான கட்டங்களைச் சாதாரணக் குடிமகன், தொழில்நுட்ப அறிவு இல்லாமலே, சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. எங்கள் அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தியாவில் அந்த வேலையைச் செய்தவர் ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத். 2009 செப்டம்பரில் தேர்தல் ஆணையத்தின் முன்னிலையில் இயந்திரத்தைச் சோதிக்க வாய்ப்புக் கொடுத்து, நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். தயாரிப்பாளரின் அறிவுசார் உரிமை பாதிக்கப்படும் என்பது சொல்லப்பட்ட காரணம். பிறகு 2010 தொடக்கத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் மூலம் அவர் கைக்கு ஒரு நிஜ இயந்திரம் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், மேலே சொன்ன ரொப், சில மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் திறந்து பார்த்தார்கள். 2010 ஏப்ரலில் வெளியிட்டார்கள்.

மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். அவர்கள் உள்ளே இருந்த புரோகிராமை உடைக்கவே இல்லை. அது சிப்பிலேயே பதிந்தது, வெளியே படிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. அதைத்தான் எல்லோரும் பெரிய பாதுகாப்பு என்று சொல்லிவந்தோம், நான் உட்பட. அவர்கள் புரோகிராமைத் தொடாமல் அக்கம்பக்கத்தைத் தொட்டார்கள். முதல் வழி, எண்ணிக்கை காட்டும் டிஸ்ப்ளே பலகையைக் கழற்றிவிட்டு, அச்சு அசல் அதே மாதிரி இன்னொன்றை வைப்பது. அந்தப் போலிப் பலகைக்குள் ஒரு குட்டி மைக்ரோகண்ட்ரோலர். உண்மையான எண்ணிக்கை வரும்போது அதை விழுங்கிவிட்டு வேறு எண்ணைக் காட்டும். யாருக்குச் சாதகமாக என்று செல்போனிலிருந்து ப்ளூடூத்தில் சொல்லலாம். இரண்டாவது வழி, சட்டைப் பையில் அடங்கும் ஒரு கிளிப். ஓட்டுகள் சேமித்திருக்கும் மெமரி சிப்பின் கால்களில் கவ்வவைத்தால், வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட நாளில் எண்களை மாற்றி எழுதிவிடும். ஏனென்றால் அந்த மெமரியில் ஓட்டுகள் எந்தப் பூட்டும் இல்லாமல் கிடந்தன.

இன்னொரு சங்கடமும் இருந்தது. புரோகிராமை யாரும் படிக்க முடியாது என்றால், சிப்புக்குள் இருப்பது நாம் எழுதிக் கொடுத்ததுதானா என்று தேர்தல் அதிகாரியும் பார்க்க முடியாது. திருடன் நுழையாமல் இருக்கக் கதவைச் சுவராக்கிக் கட்டினால் வீட்டுக்காரனும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வழிக்கும் இயந்திரம் கையில் கிடைக்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும். எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காத கருவி அது. வீட்டிலிருந்தபடி இன்டர்நெட்டில் எதுவும் செய்ய முடியாது. எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்கு என்று குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள், ஏஜென்ட்டுகள் சீலில் கையெழுத்துப் போடுகிறார்கள், காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கிறது, மாலையில் மொத்த ஓட்டுக் கணக்கு 17-சி படிவத்தில் ஏஜென்ட் கையில் வருகிறது. ஒரு தேர்தலை இப்படி மாற்றினார்கள் என்று இதுவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. ஆணையம் இதையெல்லாம் சொன்னது. சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சியாளர்கள் சொன்னது "மோசடி நடந்தது" என்று அல்ல. "நடந்தால் உங்களுக்குத் தெரியாது" என்று. இரண்டும் வேறு வேறு பேச்சு. பத்திரிகைகள் அன்றும் இதைக் குழப்பின, இன்றும் குழப்புகின்றன.

21-8-2010 அன்று ஹரி பிரசாத்தை ஹைதராபாத்தில் கைது செய்து மும்பைக்குக் கொண்டுபோனார்கள். அந்த இயந்திரம் மும்பையில் அரசுக் கிடங்கிலிருந்து திருடப்பட்டது, கொடுத்தவர் யார் சொல் என்பது வழக்கு. ஒரு வாரம் கழித்து ஜாமீன். அதே வருஷம் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் அவருக்கு விருது கொடுத்தது. டிசம்பரில் டெல்லி வந்து இறங்கிய ஹால்டர்மனை விமான நிலையத்திலேயே நிறுத்திவைத்தார்கள். இயந்திரம் எப்படி வந்தது என்று விசாரிப்பது போலீஸின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பரிசோதிக்க நேர்வழியில் ஒரு இயந்திரம் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் நடுக்கம் வந்தது உண்மை. சொந்த அனுபவம் ஒன்று. ஒரு கம்பெனிக்காக (பெயர் வேண்டாம்) ஒரு மீட்டரின் சர்க்யூட்டைப் பார்த்தபோது, அதே தயாரிப்பாளரின் இன்னொரு கருவியில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு இருப்பதைக் கவனித்தேன். நல்ல எண்ணத்தில் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து வந்தது வக்கீல் நோட்டீஸ்! என் மேலதிகாரி, "உனக்கு ஏன்பா இந்த வேலை" என்றார். தப்பை அவர்கள் சரிசெய்தார்களா என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளை ஒவ்வொரு மாணவரும் படித்துவிட்டுத்தான் அடுத்தவர் கருவியில் கை வைக்க வேண்டும். அனுமதி எழுத்தில் இருக்கட்டும், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

சரி, அந்த ஆராய்ச்சியால் என்ன பிரயோஜனம்? 2010 அக்டோபரில் அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் காகிதச் சாட்சி வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஓட்டுப் போட்டதும் சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 வினாடி தெரிந்து பெட்டிக்குள் விழும் விவிபேட் கருவி, 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வந்தது. அடுத்த மாதம் 8ஆம் தேதி, சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயமான தேர்தலுக்கு இது இன்றியமையாதது என்றது. அதன் பிறகு வந்த மூன்றாம் தலைமுறை இயந்திரத்தில், மூடியைத் திறக்க முயன்றால் தானே செயலிழக்கும் ஏற்பாடும், ஒரு பெட்டி இன்னொரு பெட்டியை அடையாளம் கண்டுகொண்ட பிறகே வேலை செய்யும் ஏற்பாடும் சேர்ந்தன. போலிப் பலகை வைத்த அந்த 2010 பரிசோதனையை மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள், எதற்குப் பதில் எது என்று புரியும். அதை யாரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு.

நெட்வொர்க் பற்றியும் இரண்டு வரி. 'வெளியே இணைக்கவில்லை, ஆகவே பத்திரம்' என்ற நம்பிக்கையை 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் பலமாக ஆட்டியது. ஈரானின் அணு நிலையத்தில் தனித்து வைத்திருந்த கட்டுப்பாட்டுக் கருவிக்குள் பென்டிரைவ் வழியாகவும் புகும்படி எழுதிய புரோகிராம் அது. நம் மாநிலத்தில் 2019இல் கூடங்குளம் விவகாரம். முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகம் நிர்வாகப் பிரிவின் கம்ப்யூட்டர் ஒன்றில் கெட்ட புரோகிராம் புகுந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனி, அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் தெரியும் என்பதும் அந்த அறிக்கையில்தான் வந்தது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் ஜனங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நம்மூர்த் தறிக்கும் இது வந்துவிட்டது. அட்டைக்குப் பதில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு. டிசைன் பென்டிரைவில் வருகிறது. முன்பு ஒரு டிசைனைத் திருட வேண்டுமானால் மூட்டை அட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும், நாய் குரைக்கும். இப்போது சட்டைப் பை போதும். நம் மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு ஊர் ஊராக அலைகிறார்கள், இதை ஏன் யாரும் எடுக்கவில்லை என்று தெரியவில்லை.

18-4-2019. மறுபடியும் அப்பாவும் நானும் வரிசையில். அவருக்கு இப்போது கண் மங்கல். வெளியே வந்ததும், "சீட்டு பாத்தேன்டா. நான் போட்டதுதான் வந்துச்சி. பெட்டில வுழுந்துச்சி" என்றார். முகத்தில் திருப்தி. பிறகு, "அதையெல்லாம் எண்ணுவாங்க இல்ல?"

பத்து நாளைக்கு முன்னால்தான் உச்ச நீதிமன்றம் அந்த எண்ணிக்கையை ஒன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தியிருந்தது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடி. ஆரணி மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி, ஆக முப்பது சாவடிச் சீட்டுகளை எண்ணுவார்கள் என்று விளக்கினேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நூறு சேலைல அஞ்சு பிரிச்சிப் பாக்கறாப்பல" என்றார். "எந்த அஞ்சுன்னு முன்னாடியே சொல்லிட மாட்டாங்களே?" இல்லை, குலுக்கல்தான் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார். புள்ளியியலில் நான் ஒரு செமஸ்டர் படித்ததை அவர் ஆரணித் தெருவில் மூன்று அடி நடப்பதற்குள் முடித்துவிட்டார்.

26-4-2024 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் சின்னம் ஏற்றும் கருவிகளைச் சீல் வைத்து முடிவுக்குப் பின் 45 நாள் பத்திரப்படுத்தவும், இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர் கேட்டால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் சிப்பைப் பொறியாளர்கள் சோதிக்கவும் வழி செய்தது. சின்னத்தை ஏற்ற ஒரு கருவி என்றால், வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே போகிறது என்றுதானே பொருள்? இதைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

தற்போதைய மாணவர்களில் இந்தத் துறையில் விருப்பமுள்ளவர்கள் சந்திப்பு நாளன்று மதிய சாப்பாட்டுக்குப் பிறகு மைக்ரோபிராசசர் லேபுக்கு வாருங்கள். பழைய மீட்டர் பலகைகள் நான்கைந்தும் ஒரு ஜக்கார்டு அட்டைக் கட்டும் கொண்டுவருகிறேன். பலகைகள் என் சொந்தக் காசில் வாங்கியவை, பில் இருக்கிறது. பயப்படாமல் பிரிக்கலாம்.